பொக்லைனுக்குள் ஒரு நெட்வொர்க்: கோளாறு எங்கே என்று பார்ப்பது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலருக்கும் இந்த அனுபவம் வந்திருக்கும். இரவு வரை நன்றாக ஓடிய கம்ப்யூட்டர், காலையில் ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்று திரையில் எழுதிக் காட்டும். பதறிப்போய் சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டால், அவர் கேபினட்டைத் திறந்து ஒரு கேபிளை உருவி மீண்டும் செருகுவார். கம்ப்யூட்டர் ஓட ஆரம்பித்துவிடும். ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போகவே இல்லை. அதோடு பேசும் வழிதான் அடைபட்டிருந்தது. அந்த சர்வீஸ் ஆள் அவசரக்காரராக இருந்தால், புது ஹார்ட் டிஸ்க்குக்கு உங்களிடம் பணம் வாங்கியிருப்பார்.

இதே கதை இருபது டன் எடையுள்ள ஒரு மெஷினில் நடந்தால் எவ்வளவு செலவாகும்? என் தாய்மாமாவுக்கு அது நடந்தது.

மாமா ராசிபுரம் பக்கம் கிணறு ஆழப்படுத்துவது, நிலம் சமன் செய்வது போன்ற வேலைகளை எடுத்துச் செய்பவர். 2023-ல் பழைய செயின் பொக்லைன் ஒன்றை வாங்கினார். 2014 மாடல். ஹவர் மீட்டரில் 9,400 மணி நேரம் ஓடியிருந்தது. கையில் இருந்தது பாதி, ஃபைனான்ஸ் பாதி. மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. அதன் பிறகு ஒரு வினோதமான கோளாறு. காலையில் ஸ்டார்ட் செய்தால் எந்தக் குறையும் இல்லை. இரண்டு மணி நேரம் வேலை செய்து மெஷின் நன்றாகச் சூடானதும், திடீரென்று மானிட்டரில் கம்யூனிகேஷன் எர்ரர் என்று வரும். எஞ்ஜின் தானாக ஐடிலுக்கு இறங்கிவிடும். பூம் நகராமல் பாதியில் தொங்கும். சாவியை ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே.

ஒரு நாள் டிப்பருக்கு மேலே முழு பக்கெட் மண்ணோடு அப்படியே நின்றுவிட்டது. கீழே டிப்பர் டிரைவர் தார்ப்பாயைச் சரி செய்துகொண்டிருந்தார். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆபரேட்டர் அண்ணன், இதைச் சரி செய்யாமல் சீட்டில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான்.

பார்க்க வந்த மெக்கானிக் முதலில் மானிட்டரை மாற்றச் சொன்னார். பழைய மார்க்கெட்டில் 45,000 ரூபாய்க்கு ஒன்று வாங்கி மாட்டினார்கள். கோளாறு போகவில்லை. அடுத்து, மெயின் கன்ட்ரோலர் போய்விட்டது, இரண்டரை லட்சம் ஆகும் என்றார். மெஷின் நின்றாலும் மாதத் தவணை நிற்காது. அன்று இரவு மாமா எனக்குப் போன் செய்தார்.

"மாப்பிள்ளை, நீ கம்ப்யூட்டர்தானே படிச்சே? இதுக்குள்ளேயும் கம்ப்யூட்டர்தான் இருக்குதாம். வந்து ஒரு எட்டு பார்த்துட்டுப் போ."

"மாமா, நான் பாக்கிறது சாப்ட்வேர். மெஷினைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"தெரியாதவங்கதான் ரெண்டரை லட்சம் கேக்கிறாங்க. நீ சும்மா வந்து சொல்லு."

போனேன். அங்கே நான் பார்த்ததையும் கற்றுக்கொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். உங்களில் பலரிடம் பொக்லைன் இருக்காது. ஆனால் லாரி, டிராக்டர், கார் என்று இன்று நம்மைச் சுற்றி ஓடும் பல வண்டிகளுக்குள்ளும் இதே ஏற்பாடு இருக்கிறது.

பேசிக்கொள்ளும் பெட்டிகள்

பழைய பொக்லைனில் லீவரை இழுத்தால் கேபிள் இழுபடும், வால்வு திறக்கும். இப்போது வருபவற்றில் எஞ்ஜினுக்கு ஒரு கன்ட்ரோலர், ஹைட்ராலிக் பம்புக்கும் மற்ற வேலைகளுக்கும் ஒரு மெயின் கன்ட்ரோலர், கேபினில் ஒரு மானிட்டர் என்று குறைந்தது மூன்று கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. மெஷின் எங்கே இருக்கிறது, எவ்வளவு ஓடியது என்று நிறுவனத்துக்குச் சொல்லும் பெட்டி ஒன்றும் சிலவற்றில் இருக்கும். ஆபரேட்டர் த்ராட்டில் டயலைத் திருப்பினால், மெயின் கன்ட்ரோலர் அதைப் படித்து, இவ்வளவு வேகம் வேண்டும் என்று எஞ்ஜின் கன்ட்ரோலருக்குச் செய்தி அனுப்புகிறது. எஞ்ஜின் கன்ட்ரோலர் தன் வேகத்தையும் வெப்பத்தையும் திருப்பிச் சொல்கிறது. அதைத்தான் மானிட்டர் நமக்குக் காட்டுகிறது.

இந்தச் செய்திகள் எல்லாம் இரண்டே வயர்களில் போகின்றன. இந்த முறைக்கு கேன் என்று பெயர். கார்களுக்காக ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983-ல் இந்த வேலையைத் தொடங்கி, 1986-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் அறிமுகப்படுத்தியது. நம் கம்ப்யூட்டர்களில் இருக்கும் யு.எஸ்.பி. வந்தது 1996-ல்தான். அதற்குப் பத்து வருடம் மூத்தது கேன். லாரி, பொக்லைன் போன்ற கனரக வண்டிகளில் கேன் வயர்களின் மேல் எந்த மொழியில் பேச வேண்டும் என்று வகுத்த விதிக்கு ஜே1939 என்று பெயர். பெரும்பாலும் வினாடிக்கு 2,50,000 பிட் வேகத்தில் ஓடும். உங்கள் வீட்டு பிராட்பேண்டோடு ஒப்பிட்டால் இது நத்தை வேகம். ஆனால் இங்கே வேகத்தைவிட நம்பகம்தான் முக்கியம்.

இரண்டு வயர்களும் ஒன்றோடொன்று முறுக்கியிருக்கும். ஒன்று கேன் ஹை, மற்றது கேன் லோ. யாரும் பேசாதபோது இரண்டிலும் சுமார் 2.5 வோல்ட் இருக்கும். யாராவது பேசும்போது ஹை 3.5 வோல்ட்டுக்கு ஏறும், லோ 1.5 வோல்ட்டுக்கு இறங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் கன்ட்ரோலர்கள் கவனிக்கின்றன. ஆல்டர்னேட்டர், மோட்டார் போன்றவற்றிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டு வயர்களையும் ஒரே அளவு ஆட்டுவதால் வித்தியாசம் மாறுவதில்லை. முறுக்கி வைத்திருப்பதன் ரகசியம் இதுதான்.

இந்த வயர்களின் இரண்டு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்க வேண்டும். ஏன்? கிணற்றுக்குள் கத்தினால் எதிரொலி வருவதுபோல, வயரின் முனைக்குப் போன சிக்னல் முட்டித் திரும்பி வந்து அடுத்த சிக்னலைக் குழப்பிவிடும். அதை முனையிலேயே விழுங்கிவிடத்தான் ரெசிஸ்டர். கம்ப்யூட்டர் நெட்வொர்க்குகளிலும் ஒரு காலத்தில் இது இருந்தது. டிவி கேபிள் போன்ற காக்சியல் கேபிளில் கம்ப்யூட்டர்களை வரிசையாக இணைத்து, இரண்டு முனைகளிலும் 50 ஓம் டெர்மினேட்டர் மாட்டுவார்கள். அதில் ஒன்றைக் கழற்றினால் ஆபீஸ் முழுவதும் நெட்வொர்க் படுத்துவிடும்.

எர்ரர் கோடு என்ன சொல்கிறது?

மானிட்டரில் வரும் கோடுகளைப் படிக்கும்போதுதான் பெரும்பாலானவர்கள் தவறு செய்கிறார்கள். மாமாவின் மெக்கானிக்கும் அப்படித்தான். மெயின் கன்ட்ரோலர் ஒரு கோடு கொடுத்தது. உடனே மெயின் கன்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று முடிவு செய்துவிட்டார். ஆனால் அந்தக் கோடு சொன்னது, எஞ்ஜின் கன்ட்ரோலரிடமிருந்து எனக்குச் செய்தி வரவில்லை என்பதைத்தான். போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்க வந்தவரையே பிடித்து உள்ளே வைத்தால் எப்படி இருக்கும்? அந்தக் கதைதான்.

கோடு எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஜே1939 முறையில் காட்டும் மெஷின்களில் இரண்டு எண்கள் வரும். எஸ்.பி.என். என்பது எந்த விஷயம் என்பதைச் சொல்லும். எஃப்.எம்.ஐ. என்பது அதற்கு என்ன ஆனது என்பதைச் சொல்லும். எஸ்.பி.என். 100 என்றால் எஞ்ஜின் ஆயில் பிரஷர், 110 என்றால் கூலன்ட் வெப்பம், 639 என்றால் இந்த நெட்வொர்க்கே. எஃப்.எம்.ஐ. 3 என்றால் வோல்டேஜ் அளவுக்கு மேல், 4 என்றால் அளவுக்குக் கீழ். 9 என்றால் செய்தி வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை என்று பொருள். 9 வந்தால் சென்சாரையும் கன்ட்ரோலரையும் மாற்றுவதற்கு முன் வயரைப் பாருங்கள்.

யார் யாரைப் பற்றிப் புகார் சொல்கிறார்கள் என்று ஒரு பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒருவரைப் பற்றியே சொன்னால், கோளாறு அவருக்குப் போகும் கிளையிலோ, அவருடைய பவர் சப்ளையிலோ, எர்த்திலோ இருக்கிறது. எல்லோரும் எல்லோரைப் பற்றியும் சொன்னால் மெயின் லைனிலேயே பிரச்னை. எங்கள் மெஷினில் மானிட்டர், மெயின் கன்ட்ரோலர் இரண்டுமே எஞ்ஜினைத்தான் காணவில்லை என்றன.

சாவியை ஆஃப் செய்து ஆன் செய்தால் ஏன் சரியாகிறது? ஒவ்வொரு கன்ட்ரோலரும் தனக்குள் ஒரு எர்ரர் கணக்கு வைத்திருக்கிறது. அனுப்பும் செய்தி பழுதானால் கணக்கு ஏறும், நல்லபடியாகப் போனால் இறங்கும். கணக்கு 255-ஐத் தாண்டினால் அது நெட்வொர்க்கிலிருந்து தானே விலகிக்கொள்ளும். தன்னால் மற்றவர்கள் பேச்சு கெடக்கூடாது என்ற நல்லெண்ணம். திரும்பச் சேருவது எப்படி என்பது அந்தக் கன்ட்ரோலரின் சாப்ட்வேரைப் பொறுத்தது. சாவியை ஆஃப் செய்யும்போது கணக்கு பூஜ்யமாகி, புதிதாகப் பேசத் தொடங்கும். ஆகவே ரீஸ்டார்ட் செய்ததும் சரியாகிறது என்பதை வைத்து, கன்ட்ரோலர் கெட்டது என்று முடிவு கட்ட முடியாது.

மல்டிமீட்டர் போதும்

என் பையில் லேப்டாப்பும் யு.எஸ்.பி. கேன் அடாப்டரும் இருந்தன. ஆனால் கோளாறைப் பிடித்தது 600 ரூபாய் மல்டிமீட்டர்தான்.

முதலில் பேட்டரியைப் பார்த்தேன். இந்த மெஷின்களில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் வரிசையாக இணைந்து 24 வோல்ட் கொடுக்கும். ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் அதிகம் விழுந்தால் கன்ட்ரோலர்கள் ரீசெட் ஆகி, இல்லாத கோளாறுகளைக் காட்டும். எங்களுடையதில் பேட்டரி நன்றாகவே இருந்தது. எர்த் போல்ட்டுகளும் இறுக்கமாக இருந்தன.

அடுத்து, சீட்டுக்குப் பின்னால் இருந்த வட்டமான 9 பின் டயக்னாஸ்டிக் கனெக்டர். பல கனரக வண்டிகளில் இது இருக்கும். ஒவ்வொரு பின்னுக்கும் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். ஏ பேட்டரி மைனஸ், பி பேட்டரி பிளஸ், சி கேன் ஹை, டி கேன் லோ. உங்கள் மெஷினில் வேறு கனெக்டர் இருந்தால் வயரிங் படத்தைப் பார்த்துவிட்டு மட்டும் தொடுங்கள்.

சி-க்கும் டி-க்கும் நடுவே ரெசிஸ்டன்ஸ் அளந்தேன். மீட்டரில் ஏதோ தாறுமாறான எண் வந்தது, அதுவும் நிற்காமல் ஓடியது. மெக்கானிக் சொன்னது சரிதானோ என்று ஒரு நிமிடம் எனக்கே தோன்றியது. பிறகுதான் கவனித்தேன், சாவி ஆனில் இருந்தது. வயரில் கரன்ட் இருக்கும்போது ஓம் அளந்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. இன்ஜினீயரிங் படித்தவன் செய்யும் தப்பா இது? மாமா கவனிக்கவில்லை, நல்லவேளை.

சரியான முறை இது. மெஷினைச் சமதளத்தில் நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் வையுங்கள். எஞ்ஜினை அணைத்து சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சாவியை எடுத்த பிறகும் சில கன்ட்ரோலர்கள் கொஞ்ச நேரம் விழித்திருக்கும். சில நிமிடங்கள் கழித்து பேட்டரி கட் ஆஃப் ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டு அளங்கள்.

60 ஓம் பக்கம் வர வேண்டும். இரண்டு 120 ஓம் ரெசிஸ்டர்கள் பக்கவாட்டில் இணைந்தால் 60. மீட்டர் 120 என்று காட்டினால் ஒரு முனை ரெசிஸ்டர் நம் கண்ணில் படவில்லை, அதாவது ரெசிஸ்டர் போய்விட்டது அல்லது வழியில் வயர் அறுந்திருக்கிறது. 40 வந்தால் யாரோ மூன்றாவது ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். பழைய மெஷினில் பொருத்தமில்லாத பெட்டி ஒன்றை மாட்டியிருந்தால் இப்படி வரலாம். பூஜ்யம் பக்கம் வந்தால் இரண்டு வயர்களும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆயிரக்கணக்கில் போனால் இரண்டு முனைகளுமே தெரியவில்லை.

எங்களுக்கு 61 வந்தது. நல்ல எண். ஆனால் கோளாறு எப்போதும் இருப்பதில்லையே, சூடானால்தானே வருகிறது? அதனால் மீட்டரை மாட்டியபடியே வைத்து, மாமாவைப் பார்க்கச் சொல்லிவிட்டு, நான் ஹார்னஸைக் கேபினிலிருந்து எஞ்ஜின் வரை ஒரு ஜாண் ஒரு ஜாணாக அசைத்துக்கொண்டே போனேன். கேபினுக்கு அடியில் ஒன்றும் இல்லை. எஞ்ஜின் அறைக்குள் நுழையும் இடத்தைத் தாண்டியதும் மாமா கத்தினார்: "நூத்தி இருபது காட்டுது மாப்பிள்ளை! இப்ப மறுபடி அறுபது!"

கனெக்டருக்கும் எஞ்ஜின் பக்கத்து முனைக்கும் நடுவே வயர் விட்டுவிட்டுத் தொடுகிறது. மெயின் கன்ட்ரோலர் இருப்பது கேபின் பக்கம். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஹார்னஸின் பிளாஸ்டிக் உறையை வெட்டிப் பார்த்தால், யாரோ முன்பு ஏதோ கருவிக்காக இரண்டு கேன் வயர்களையும் சுரண்டி, கையால் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். கருவியைக் கழற்றியவர்கள் ஜாயிண்ட்டை அப்படியே விட்டுவிட்டார்கள். மெஷினைக் கழுவிய தண்ணீர் உள்ளே போய் செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. ஒரு வயர் இரண்டு இழைகளில் தொங்கியது. எஞ்ஜின் சூட்டில் டேப் இளகியதும் அது விலகி, தொடர்பு போயிருக்கிறது.

லேப்டாப்பை எப்போது எடுப்பது?

ராசிபுரத்திலிருந்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்து, பச்சை பிடித்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, அதே கனமுள்ள புது வயர் சேர்த்து, பட் கனெக்டர் போட்டு நசுக்கி, மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட்டார். வெறும் சால்டரிங் வேண்டாம் என்று அவரே சொன்னார். அதிர்கிற மெஷினில் சால்டர் முடியும் இடத்தில் வயர் ஒடிந்துவிடுமாம். முறுக்கை மட்டும் முன்போலவே வைக்கும்படி நான் கேட்டுக்கொண்டேன். மொத்தச் செலவு அவர் கூலியோடு 900 ரூபாய்.

சரியானதா என்று நிரூபிக்கத்தான் லேப்டாப் தேவைப்பட்டது. கேன் அடாப்டரை சி, டி, எர்த் மூன்றிலும் இணைத்து, லேப்டாப்பை சார்ஜர் இல்லாமல் பேட்டரியில் ஓட்டினேன். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குத் தனி சாப்ட்வேர் வாங்க வேண்டியதில்லை. 2008-ல் வந்த 2.6.25 கெர்னலிலிருந்தே கேன் வசதி அதில் இருக்கிறது. முக்கியமாக ஒன்று: அடாப்டரை கேட்பதற்கு மட்டும் என்ற முறையில் வையுங்கள். வேகத்தைத் தவறாக வைத்து, பேசும் முறையில் இணைத்தால் ஓடும் நெட்வொர்க்கை நீங்களே குலைத்துவிடுவீர்கள். இருபது டன் மெஷின், விளையாட்டு வேண்டாம்.

திரையில் எண்கள் அருவிபோல் ஓடும். பயப்பட வேண்டாம். ஒவ்வொரு வரியிலும் செய்தியின் எண், அனுப்பியவர் முகவரி, அதிகபட்சம் எட்டு பைட் தகவல் இருக்கும். எஞ்ஜினின் முகவரி 0. எஞ்ஜின் வேகம் வரும் செய்தியின் எண் 61444. அதில் நான்காவது, ஐந்தாவது பைட்டுகள் வேகம். அவை தசம எண்ணில் 64, 31 என்று இருந்தால், 31-ஐ 256-ஆல் பெருக்கி 64-ஐக் கூட்டுங்கள், 8,000. எட்டால் வகுத்தால் நிமிடத்துக்கு 1,000 சுற்று. கூலன்ட் வெப்பம் 65262-ல் முதல் பைட். அதிலிருந்து 40-ஐக் கழித்தால் செல்சியஸ். 125 என்று வந்தால் 85 டிகிரி. மானிட்டர் காட்டியதும் என் கணக்கும் ஒன்றாக வந்தபோது ஆபரேட்டர் அண்ணன் என்னைப் பார்த்த பார்வை, நான் ஆபீசில் வாங்கிய எந்தப் பாராட்டையும் விடப் பெரிது.

வேலைக்கு முன்பே ஒரு பதிவு எடுத்து வைத்திருந்தேன். மெஷினைச் சூடாக்கிக் கோளாறு வரும்வரை ஓட்டியபோது எடுத்தது. அதில் ஓர் இடத்தில் 0 முகவரியிலிருந்து வரும் வரிகள் மட்டும் நின்றுபோயிருந்தன. மற்றவை தட்டுத்தடுமாறி வந்துகொண்டிருந்தன. வேலைக்குப் பிறகு நான்கு மணி நேரம் ஓட்டி எடுத்த பதிவில் அப்படி ஓர் இடைவெளிகூட இல்லை.

பழைய மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கு

காலையில் குளிர்ந்த எஞ்ஜினை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டுப் பணம் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மணி நேரமாவது வேலை செய்ய வைத்துப் பாருங்கள். மானிட்டரின் சர்வீஸ் மெனுவில் பழைய கோடுகளின் பட்டியல் இருக்கும். எத்தனை முறை வந்தது, எத்தனையாவது மணி நேரத்தில் வந்தது என்பதையும் பல மெஷின்கள் சேமித்து வைக்கின்றன. 9,000 மணி ஓடிய மெஷினில் பட்டியல் சுத்தமாகக் காலியாக இருந்தால் மகிழ்ச்சி அடைய வேண்டாம், நேற்றுதான் அழித்திருப்பார்கள். ஹார்னஸில் கறுப்பு டேப் சுற்றிய இடங்களைத் தேடுங்கள். கன்ட்ரோலரோ மானிட்டரோ மாற்றியிருந்தால் எதற்காக என்று கேளுங்கள். பூமில் வெல்டிங் செய்யும்போது பேட்டரியையும் கன்ட்ரோலர் கனெக்டர்களையும் கழற்றினார்களா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. வெல்டிங் கரன்ட் எலக்ட்ரானிக்ஸ் வழியாகப் பாய்ந்தால், அப்போது நிஜமாகவே கன்ட்ரோலர் போய்விடும்.

மாமாவின் 45,000 ரூபாய் மானிட்டரை விற்றவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. எலக்ட்ரிக்கல் அயிட்டம் ரிட்டர்ன் கிடையாதாம். அது ஒரிஜினல் மானிட்டரோடு சேர்ந்து மாமா வீட்டுப் பரணில் இருக்கிறது. மல்டிமீட்டரை மாமா திருப்பித் தரவில்லை. இப்போது பக்கத்து ஊர் மெஷின்களுக்கும் அறுபது வருகிறதா என்று பார்த்துச் சொல்கிறாராம்.